மின் நிலையத்தைக் கவிழ்த்த அதிர்வு

சுவிட்சைப் போட்டதும் கிணற்று மேட்டில் பம்பு கடகடவென்று ஆடுகிறது. அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு மடை திருப்பப் போய்விடுகிறோம். தண்ணீர்தான் வருகிறதே என்ற தைரியம்! அதே தைரியத்தில் ஓட்டப்பட்ட ஒரு பெரிய எந்திரத்தின் கதையை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

ரஷ்யாவில், சைபீரியாவில் ஓடும் யெனிசேய் ஆற்றின் குறுக்கே சயானோ-சுஷென்ஸ்கயா அணை உள்ளது. உயரம் 240 மீட்டருக்கு மேல். அதன் அடியில் உள்ள மின் நிலையத்தில் தலா 640 மெகாவாட் திறனுள்ள 10 டர்பைன்கள். 2009 ஆகஸ்டு 17-ந் தேதி காலை 8 மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் 2-வது டர்பைனின் மேல்மூடி பிய்த்துக்கொண்டது. 900 டன்னுக்கு மேல் எடையுள்ள சுழலும் பாகத்தைத் தண்ணீர் மேலே தூக்கி எறிந்தது. நிலையம் வெள்ளத்தில் மூழ்கி, 75 பேர் மாண்டனர். மின்சாரமும் நின்றுபோனதால், ஊழியர்கள் அணையின் உச்சிக்கு ஏறிக் கதவுகளைக் கையால் இறக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் கலந்த எண்ணெயால் கரையோரப் பண்ணைகளின் மீன்களும் செத்தன. அணை மட்டும் அசையாமல் நின்றது.

அந்த மூடியைப் பிடித்திருந்தவை 80 போல்ட்டுகள். அவற்றில் கிடைத்த 49 போல்ட்டுகளைச் சோதித்தபோது 41-ல் நாட்பட்ட விரிசல் இருந்தது. 6 போல்ட்டுகளில் நட்டே இருந்திருக்கவில்லை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதல்லவா? அதிர்வு செய்வதும் அதுதான். நட்டைத் தளர்த்தும்; இரும்பைக் களைக்க வைக்கும்.

ஏன் அதிர்ந்தது? ஏரி மதகில் தண்ணீர் இறங்கும்போது சுழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். டர்பைனைப் பாதிச் சுமையில் ஓட்டினால் அதன் அடிக்குழாயில் இப்படிச் சுழி விழுந்து எந்திரத்தை உலுக்கும். அதனால் அந்தச் சுமையில் நிறுத்தி ஓட்டக்கூடாது என்பது விதி. மின் தேவைக்கேற்பச் சுமையை ஏற்றி இறக்கியதில், அன்று காலை அந்த எந்திரம் பலமுறை அதைக் கடந்தது. அதே ஆண்டு தொடக்கத்தில்தான் பழுது பார்க்கப்பட்டிருந்தது. அனுமதித்த அதிர்வு 160 மைக்ரான். கடைசியில் அது 840 ஆனது என்கிறது விசாரணை அறிக்கை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் கூட ஆடவில்லை, பாருங்கள்!

நம் பம்புசெட்டில் உயிர்ச்சேதம் வராது என்றாலும் பேரிங்கும் ஷாப்டும் போகும், காயில் கருகும். நடவு நேரத்தில் இது நேர்ந்தால் பயிருக்கு யார் பதில் சொல்வது? கல் முட்டுக் கொடுப்பது வைத்தியமே அல்ல. மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, இம்பெல்லரில் குப்பை சிக்கியிருக்கிறதா, அஸ்திவார போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் கிணற்று நீர் இறங்கி, பம்புக்கும் தண்ணீருக்கும் இடையே 20 அடிக்கு மேல் போனால், பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போல் சத்தம் கேட்கும். அப்போது போல்ட்டை முறுக்கிப் பயனில்லை. பம்பைக் கீழே இறக்க வேண்டும்.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு. நட்டை இறுக்கிய பிறகு, நட்டின் மீதும் அடித்தகட்டின் மீதும் சேர்ந்தாற்போல் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் நட்டு தளர்கிறது என்று அர்த்தம். மோட்டாரைப் போடப் போகும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.