61 வயதில் 875 கிலோமீட்டர்: ரப்பர் பூட்ஸில் பயின்ற கால்கள்

ஓட்டப் பந்தயத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அதிகாலையில் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி முடித்து, மறுநாள் காலையிலும் அதே இடத்தில் வந்து நிற்கிற தொழில் நம்முடையது. நூறு மீட்டர் பாய்ச்சல் இங்கே செல்லாது. நெடுந்தூரம் ஓடத் தெரிந்தவரே நிலைக்கிறார். அத்தகைய ஓட்டத்தில் 1983ஆம் ஆண்டு ஒரு நாட்டையே வியக்க வைத்தவர் ஆஸ்திரேலிய விவசாயி கிளிஃப் யங். அவருடைய ஓட்டத்தில் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய கணக்குகள் சில இருக்கின்றன.

சிறு கடையிலிருந்து வணிக வளாகம்

பந்தயத்தை நடத்தியவர்கள் யார் என்பதிலிருந்தே தொடங்கலாம். 1950களில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய இருவர், ஜான் சாண்டர்ஸ், பிராங்க் லோவி என்பவர்கள், சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் ஒரு சிறிய உணவுப் பொருள் கடை வைத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் மளிகைக் கடைக்குத் தம்பி முறை. 1959இல் அதே ஊரில் ஒரு வணிக வளாகம் கட்டினார்கள். மறு ஆண்டே அவர்களுடைய வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது.

அந்த நிறுவனம் 1983இல் ஒரு விளம்பர யோசனையைச் செயல்படுத்தியது. சிட்னியில் பாரமட்டா என்ற இடத்திலுள்ள தங்கள் வளாகத்திலிருந்து மெல்போர்னில் டான்காஸ்டர் என்ற இடத்திலுள்ள தங்கள் வளாகம் வரை ஒரு நெடுந்தூர ஓட்டம். தூரம் 875 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ந்து, திரும்பி ஏறக்குறைய சாத்தூர் வரை வந்தால் எவ்வளவோ அவ்வளவு. முதல் பரிசு 10,000 ஆஸ்திரேலிய டாலர்.

பொக்கை வாயும் நீளக் காற்சட்டையும்

பேர் பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பந்தயத்துக்கு வந்தார்கள். அவர்களோடு 61 வயதான ஒருவரும் வந்து நின்றார். விக்டோரியா மாநிலத்தில் பீச் பாரஸ்ட் என்ற மலைக்கிராமத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுபவர். மணமாகாதவர். வயதான தாயாரோடு வாழ்ந்து வந்தவர். சைவ உணவு சாப்பிடுபவர். ஓடும்போது பல்செட் கடகடவென்று ஆடுகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடியவர். மற்றவர்கள் அரைக்கால் சட்டையில் நிற்க, இவர் நீளக் காற்சட்டை போட்டிருந்தார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

ஓட்டம் தொடங்கியது. இளையவர்கள் வேகமாக முன்னால் போனார்கள். இவர் காலை அதிகம் தூக்காமல், சின்னச் சின்ன அடியாக, தரையை உரசுவது போல் நகர்ந்தார். முதல் நாள் முடிவில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்.

அந்தக் காலத்தில் இத்தகைய போட்டியில் பகல் முழுக்க ஓடி இரவில் சில மணி நேரம் தூங்குவதே வழக்கம். யங் மிகக் குறைவாகத் தூங்கிவிட்டு இருட்டிலேயே எழுந்து ஓடினார். முதல் இரவில் அவருடைய குழுவினர் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்து அவரை முன்னதாகவே எழுப்பிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், மற்றவர்கள் கண் விழித்தபோது கிழவர் முன்னால் போயிருந்தார். பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை.

5 நாள், 15 மணி, 4 நிமிடத்தில் மெல்போர்னை அடைந்தார். சராசரி வேகம் மணிக்கு 6.5 கிலோமீட்டர் மட்டுமே. பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடப்பவர் ஏறக்குறைய இந்த வேகத்தில் போவார். அவரால் அதை எத்தனை மணி நேரம் தொடர முடியும் என்பதுதான் கேள்வி. யங் 135 மணி நேரம் தொடர்ந்தார். இரு நகரங்களுக்கும் இடையே அதுவரை இருந்த சாதனையை ஏறக்குறைய இரண்டு நாள் வித்தியாசத்தில் முறியடித்தார். வேகமாகக் கொள்முதல் செய்து வேகமாக விற்று மூன்றே ஆண்டில் ஷட்டரை இறக்கிய கடைகளையும், சொற்ப லாபத்தில் முப்பது ஆண்டு ஓடுகிற கடைகளையும் நாம் ஒரே தெருவில் பார்த்திருக்கிறோம்.

திடீர் அதிர்ஷ்டமா?

விவரம் தெரியாத விவசாயி ஒருவர் எங்கிருந்தோ வந்து, தூங்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் ஓடி ஜெயித்துவிட்டார் என்று இந்தக் கதையைப் பலரும் சொல்லுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழுக் கணக்கு அல்ல.

குடும்பப் பண்ணையில் ஆடுகளை ஓட்டிச் சேர்க்கும் வேலையை ரப்பர் பூட்ஸ் போட்ட காலோடு ஓடியே செய்தவர் அவர். மழை வருமுன் மந்தையைச் சேர்க்க இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓடியதுண்டு என்று அவரே நிருபர்களிடம் சொன்னார். 1970களின் இறுதியிலேயே போட்டிகளில் கலந்து கொள்ளத் தொடங்கியிருந்தார். மலைப் பாதைகளில் மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று. முந்தைய ஆண்டு, 1982இல், கோலாக் என்ற ஊரின் நடுச் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி ஆயிரம் மைல் உலக சாதனையை முறியடிக்க முயன்றார். பாதியைத் தாண்டி, 805 கிலோமீட்டரில் நிறுத்த வேண்டியதாயிற்று. தனக்கும் தன் குழுவுக்கும் அனுபவம் போதவில்லை, ஆயத்தமும் போதவில்லை என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

ஊரார் கண்ணில் அது தோல்வி. ஆனால் 805 கிலோமீட்டர் ஓடினால் உடம்பு என்ன கேட்கும், கால் எங்கே கொப்புளிக்கும், கூட இருப்பவர்கள் எப்போது என்ன தர வேண்டும் என்பதை அந்தத் தோல்வி அவருக்குக் கற்றுத் தந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்தின் தூரம் அதைவிட 70 கிலோமீட்டர்தான் அதிகம். நட்டம் என்று நாம் பேரேட்டில் எழுதுகிற சில தொகைகள் அடுத்த வியாபாரத்துக்குப் போட்ட முதல் என்பது பின்னால்தான் தெரியவரும்.

காலணிக் கணக்கு

ரப்பர் பூட்ஸில் பயிற்சி செய்தார் என்பதற்காக எந்தச் செருப்பும் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கனமான பூட்ஸுக்கு அவர் கால் பல்லாண்டுகளாகப் பழகியிருந்தது. புதிதாக வாங்கிய காலணியோடு நெடுந்தூரம் கிளம்புவது, பழகாத சரக்கை மொத்தமாக வாங்கிக் குவிப்பதற்குச் சமம்.

ஓடுகிறவர்களின் காலை அறிந்து வியாபாரம் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1964இல் பில் நைட் என்ற முன்னாள் ஓட்டக்காரரும் அவருடைய பயிற்சியாளர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஒரு வியாபாரம் தொடங்கினார்கள். ஜப்பானிலிருந்து ஷூ வரவழைத்து, பந்தயம் நடக்கிற மைதானங்களுக்கே கொண்டுபோய்க் காரின் பின்பெட்டியைத் திறந்து விற்றார்கள். கடை இல்லை, விளம்பரம் இல்லை. விற்கிற பொருளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பின்னாளில் நைக்கி என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது.

நெடுந்தூரம் ஓடுபவர்கள் கடைப்பிடிக்கிற விதிகள் சில, நாள் முழுக்கத் தராசின் பின்னால் நிற்கிற நமக்கும் பொருந்தும்.

காலையில் இருப்பதைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆகவே ஷூவோ செருப்போ மாலை வேளையில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். ஷூவில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருப்பதால் கொப்புளம் வரும். சீக்கிரம் உலரும் காலுறையே ஓட்டக்காரர்களுக்கு உகந்தது. உரசும் இடங்களில் முன்கூட்டியே வாசலின் தடவிக்கொள்வார்கள். மெத்தென்ற அடிப்பாகம் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. மேலே பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே உயிர் போயிருக்கும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் ஈரம் உலர அவகாசம் கிடைக்கும்.

சர்க்கரை நோயுள்ள அன்பர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கடைக்குள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இரவில் கடை மூடியதும் பாதத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும். சிறு காயத்தையும் அலட்சியப்படுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்த ஆண்டு நடந்தது

யங் மீண்டும் அந்தப் பந்தயத்தில் ஓடினார். ஆனால் மறுபடி முதலாவதாக வரவில்லை. வயது ஒரு காரணம். இன்னொன்று, தூக்கத்தைக் குறைத்தால் ஜெயிக்கலாம் என்பதை எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். காலைத் தூக்காத அவருடைய நடையைப் பின்னால் வந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1985இல் கிரேக்க நாட்டு வீரர் யியானிஸ் குரோஸ், பாதை 960 கிலோமீட்டராக நீண்டிருந்தும் 5 நாள் 5 மணி நேரத்தில் ஓடி முடித்தார்.

நம் தொழிலிலும் இது நாள்தோறும் நடப்பதுதான். ஒருவர் வீட்டுக்கே சரக்கு அனுப்பத் தொடங்கினால் ஆறு மாதத்தில் தெருவில் எல்லோரும் அனுப்புகிறார்கள். ஒருவர் எண்ணெய் டின்னுக்கு இலவசம் கொடுத்தால் மறு வாரம் எதிர்க் கடையிலும் இலவசம். இப்போது செல்போனில் ஆர்டர் வாங்குவதும் அப்படித்தான். உத்தி நமக்கு ஒரு சீசன் உதவும். அதற்குமேல் அது எல்லாருடைய சொத்து. அப்படியானால் நம்மிடம் நிற்பது எது?

யங்கிடம் நின்றது என்ன என்று பார்ப்போம். 10,000 டாலர் பரிசு என்று சொன்னபோது, பரிசு இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். கூட ஓடியவர்களும் என்னைப் போலத்தானே பாடுபட்டார்கள் என்று சொல்லி, பணத்தை அவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். அந்த ஆண்டு ஓட்டத்தை முடித்தவர்கள் அவரோடு சேர்த்து ஆறு பேர். அந்த ஆறு பேருமே பழைய சாதனையை முறியடித்தவர்கள். அதை அவர் மறக்கவில்லை. போட்டியாளர்களின் உழைப்பையும் உழைப்பு என்று ஒப்புக்கொள்கிற மனம் எல்லாருக்கும் வருவதில்லை.

1984இல் ஆஸ்திரேலிய அரசு அவருக்குப் பதக்கம் தந்தது. 1997இல், 75 வயதில், வீடற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்ட ஆஸ்திரேலியாவைச் சுற்றி ஓடக் கிளம்பினார். துணைக்கு வந்தவர் நோயுற்றதால் 6,520 கிலோமீட்டரோடு நிறுத்தினார். 2003 நவம்பரில் காலமானார். அவருடைய சாதனை நேரத்தை இன்று பலர் மறந்திருக்கலாம். ஆனால் பீச் பாரஸ்ட் கிராமத்தில் ரப்பர் பூட்ஸ் வடிவத்திலேயே அவருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

வணிகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

தூக்கத்தை விட்டால் முன்னேறலாம் என்று இந்த வரலாற்றிலிருந்து யாரும் பாடம் எடுத்துவிடக் கூடாது. அவர் தூக்கத்தைக் குறைத்தது ஐந்தாறு இரவுகள். நம்மில் பலர் ஆண்டு முழுக்கக் குறைக்கிறோம். அதற்கான வட்டியை ரத்த அழுத்தமாகவும் சர்க்கரையாகவும் கட்டி வருகிறோம். வாரம் ஒரு நாள் அரை நாளாவது கடையைப் பிள்ளைகளிடமோ கணக்குப்பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுப்பதும், காலையில் அரை மணி நேரம் நடப்பதும் நீண்ட ஓட்டத்துக்கான செலவுக் கணக்கில் சேர வேண்டியவை.

பெரிய கடைகள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. அவர்களைப் போல் வேகமாக ஓட நம்மிடம் முதல் இல்லை. ஆனால் அளவில் குறையாத தராசு, சொன்ன தேதியில் கொடுக்கிற பாக்கி, மாதக் கடைசியில் கை சுருங்கிய குடும்பத்துக்கு முகம் சுளிக்காமல் கட்டித் தருகிற பொட்டலம், பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பையும் பிழைப்பாக மதிக்கிற குணம் ஆகியவற்றை ஒரு சீசனில் யாரும் பார்த்துக் கற்றுக்கொண்டு போய்விட முடியாது. அவை பல ஆண்டு பழக்கத்தில் வருபவை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று பெரியவர்கள் சொன்னது நம் தொழிலுக்கும் சேர்த்துத்தான். அன்றாடம் வைக்கிற அடி சிறியதாக இருக்கட்டும். நாணயம் தவறாததாக இருக்கட்டும்.