புதுப்பித்த பின் விழிக்காத கைப்பேசி

2016 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 9.3 பதிப்பை வெளியிட்டது. அதை நிறுவிய பழைய ஐபோன்களும் ஐபேடுகளும் சில, செயல்படத் தொடங்கும் முன்பே நின்றுவிட்டன. அவை பழுதாகவில்லை, முதன்முதலில் அமைத்தபோது தந்த கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டன. அது நினைவில்லாதவர்கள் தவித்தனர். நிறுவனம் அப்பதிப்பைப் பழைய கருவிகளுக்கு நிறுத்திவைத்து, திருத்தி வெளியிட்டது.

வருகைப்பதிவு முதல் பாடக் காணொலி வரை கைப்பேசியில் வைத்திருக்கும் நமக்கும் இது பொருந்தும். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து மாணவரை உறுதிசெய்கிறோம் அல்லவா? அதுபோல, நிறுவனத்தின் சேவையகம் கருவியைச் சரிபார்ப்பதே 'ஆக்டிவேஷன்'. அதற்கு இணையம் தேவை. உரியவரின் கணக்கும் தேவைப்படலாம்.

ஆகவே சக ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது:

1. வேறொரு வைஃபை இணைப்பில் முயலுங்கள்.
2. அணைத்து, மீண்டும் இயக்குங்கள்.
3. சிம் அட்டையைக் கழற்றிச் சரியாகப் பொருத்துங்கள்.
4. சேவையகத்தில் நெரிசல் இருக்கலாம். சிறிது நேரம் கழித்து முயலுங்கள்.
5. கணக்கைக் கேட்டால், கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து மீட்டெடுங்கள்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். கணக்குப் பூட்டு அப்படியே இருக்கும். நகலெடுக்காத பதிவுகள்தான் போகும். அடுத்த முறை புதுப்பிக்கும் முன், நகலெடுத்து, கடவுச்சொல்லையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.