திருப்பிக் கட்டிய மாலை

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் சிற்றீயை நாம் கை வீசித் துரத்துகிறோம். எக்ஸ்-ரே கதிர் பரம்பரையையே பாதிக்கும் என்று உலகுக்குச் சாட்சி சொன்னது அவ்வீதான் என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

பெற்றோரின் குணங்களை மக்களுக்கு எடுத்துச் செல்பவை குரோமோஸோம்கள் என்னும் நுண்ணிய இழைகள். பழ ஈக்கு இவை நான்கு ஜோடி. ஒவ்வோர் இழையிலும் ஜீன்கள், மாலையில் பூக்களைப் போல், வரிசையாக அமைந்துள்ளன. பெண் ஈயின் உடலில் முட்டை உருவாகையில், தந்தைவழி இழையும் தாய்வழி இழையும் பூவுக்குப் பூ நேராக நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஆண் ஈயிடம் இப்பரிமாற்றம் நிகழ்வதில்லை.

சிற்சில சமயம் மாலையின் நடுத்துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி, மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. பூ ஒன்றும் குறையவில்லை, வரிசைதான் மாறிற்று. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டர்ட்டிவன்ட் 1921-ல் இதனைக் கண்டார். இவ்விழை நேரான இழையுடன் ஜோடி சேர வளையமாக வளைய வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் அதை இழுத்துச் செல்ல ஒரு பிடி உண்டு. அப்பிடி திரும்பிய துண்டுக்கு வெளியே இருக்க, வளையத்தினுள் பரிமாற்றம் நேர்ந்தால், ஓர் இழைக்கு இரு பிடிகளும் மற்றொன்றுக்குப் பிடியே இல்லாமலும் போகும். இரு பிடியுள்ளது இருபுறமும் இழுபட்டு நடுவில் தங்கிவிடும், பிடியற்றது தொலையும். ஓரத்தில் நிற்கும் பழுதற்ற இழையே முட்டையைச் சேரும். இதை 1936-ல் ஸ்டர்ட்டிவன்ட்டும் பீடிலும் விளக்கினர். ஆகவே, திரும்பிய துண்டின் ஜீன்கள் பிரியாமல் ஒரே குடும்பமாக வழிவழி செல்கின்றன.

இவ்வுண்மையை மல்லர் என்பவர் 1927-ல் கருவியாக்கினார். பெண் ஈயின் இரண்டு எக்ஸ் இழைகளுள் ஒன்றில் திரும்பிய துண்டும், ஆண் சந்ததியைக் கொல்லும் ஜீனும், கண்ணைப் பட்டையாகக் குறுக்கும் ஜீனும் இருக்கச் செய்தார். கதிர் பட்ட ஆண் ஈயுடன் அதை இணைத்து, பிறந்த பட்டைக்கண் மகள்களைத் தனித்தனிப் புட்டிகளில் வளர்த்தார். அம்மகளிடம் தாய் தந்த எக்ஸும் தந்தை தந்த எக்ஸும் கலப்பதில்லை. முன்னதைப் பெறும் பேரன்கள் மாள்வது நிச்சயம். பின்னதில் கதிரால் புதிய மரண ஜீன் தோன்றியிருந்தால் எஞ்சிய பேரன்களும் மாள்வர். ஆண் ஈயே இல்லாத புட்டி கதிரின் கேட்டைக் கண்கூடாகக் காட்டிற்று!

1946-ல் மல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவசியமின்றிக் கதிரைப் பயன்படுத்தலாகாது என்று அவர் ஓயாது வற்புறுத்தினார். வைத்தியர் வேண்டுமென்று சொல்லும் படத்துக்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. வேண்டாத படத்தை வலியக் கேட்காதிருப்பதே நலம்.