முகம் வீங்கும் குழந்தைக்கு ஸ்டீராய்டு எதற்கு, எத்தனை நாள்?

காலையில் எழும் குழந்தையின் கண்ணிமைகள் வீங்கியிருந்தால் அலர்ஜி என்றுதான் முதலில் தோன்றும். காலும் வயிறும் உப்பி, சிறுநீர் நுரைத்துப் போன பிறகே பரிசோதனை நடக்கும். அதில் புரதம் ‘4 ப்ளஸ்’ என்று வந்தால் பெரும்பாலும் அது நெஃப்ராடிக் சின்ட்ரோம். இரண்டு முதல் ஆறு வயதுக்குள் அதிகம் தொடங்கும் நோய். சிறுநீரகத்தின் வடிகட்டி நெகிழ்ந்து, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. ரத்தத்தில் அது குறைவதால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது.

இதற்கு முதல் மருந்து பிரட்னிசலோன். ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் மிரள்வது இயல்புதான். ஆனால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இந்த மாத்திரையிலேயே கசிவு நின்றுவிடும், பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள். அப்படிக் கேட்கும் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது அபூர்வம்.

இந்தியாவில் வழக்கமான முறை: முதல் ஆறு வாரம் தினமும், எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அடுத்த ஆறு வாரம் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னும் நீட்டினால் நோய் திரும்பாது என்று முன்பு பலர் நம்பினார்கள். இந்தியாவிலும் ஜப்பானிலும் நடந்து 2015இல் வெளியான ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. பிரிட்டனில் 237 குழந்தைகளிடம் எட்டு வாரச் சிகிச்சையையும் பதினாறு வாரச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீணாக நீட்டினால் பக்கவிளைவுதான் கூடும்: உருண்ட முகம், அடங்காத பசி, எரிச்சல், ரத்த அழுத்தம், வருடக்கணக்கில் போனால் உயரம் குறையலாம், கண்ணில் புரை விழலாம்.

அதற்காக, வீக்கம் வடிந்ததுமே மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவது ஆபத்து. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்த உடம்பு, தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் குழந்தை துவண்டுவிடக்கூடும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் ஒருமுறையாவது திரும்பும். பல நேரம் ஒரு சாதாரண சளிக் காய்ச்சலை ஒட்டியே வரும். அடிக்கடி திரும்பினால் ஸ்டீராய்டைக் குறைக்க லெவாமிசோல் போன்ற மருந்துகள் உண்டு. பூச்சி மருந்தாக இருந்ததுதான் அது!

வீட்டில் காலைச் சிறுநீரை ஸ்ட்ரிப்பில் பார்த்து நோட்டில் குறித்து வாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் 3 ப்ளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். முகம் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தாலோ, அம்மை கண்ட குழந்தையோடு விளையாடியிருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.