பழைய காரின் ஹெட்லைட் வளையம் ஏன் கழல மறுக்கிறது?

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் பளபளப்பான வளையத்தை, அடிப்பக்கம் உள்ள ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றுவது ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது?

காரணம் அந்த இடமே. மழைநீர் வழிந்து தேங்குவதும், சக்கரம் வாரி இறைக்கும் சேறு படிவதும் அங்கேதான். மரைகளுக்கு இடையிலான மெல்லிய இடுக்கில் புகுந்த நீர் எளிதில் காய்வதில்லை.

ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பிய மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதைப் போல, பருத்த துரு மரைகளை நெருக்கிப் பூட்டிவிடுகிறது.

இங்கே பலத்தைக் காட்டினால் ஸ்க்ரூ நகராது, அதன் தலைப்பள்ளம்தான் மழுங்கும். துரு இளக்கும் எண்ணெய்க்கு நீரைப் போலவே இடுக்கில் ஊர்ந்து ஏறும் குணம் உண்டு. ஓர் இரவு முழுக்க ஊறவிடுவதே நல்லது. அவசரம் இந்த வேலைக்கு ஆகாது.

பிறகு, பள்ளத்தை முழுதாக நிரப்பும் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்து, முதலில் சற்றே இறுக்க வேண்டும். ‘டக்’கென்று துரு உடைந்ததும் மெல்லத் தளர்த்தலாம். சூடு காட்டினாலும் உலோகம் விரிந்து துரு விரிசல் விடும். ஆனால் பக்கத்திலேயே கண்ணாடி, ரப்பர், பெயின்ட் எல்லாம் இருப்பதால் இங்கே அது வேண்டாம்.

ஸ்க்ரூ வந்த பிறகும் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தால், துணி சுற்றிய மரச்சில்லால் அடியிலிருந்து நெம்பலாம். திரும்பப் பூட்டும்போது மரையில் தடவும் கிரீஸ், நீர் நுழையும் இடுக்கை அடைத்துவிடும்.