ஓங்கி வாசிப்பதா, மெல்ல வாசிப்பதா?

செம்பூரில் பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். நம் சங்கக் குடும்பங்களிலிருந்தும் பலர் வருகிறார்கள். இப்போதெல்லாம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடையில் வாங்கிய புத்தகத்தில் இந்த இடத்தில் 'எஃப்' என்று இருக்கிறது. இணையத்தில் எடுத்த பிரதியில் 'பி' என்று இருக்கிறது. எது அச்சுப்பிழை?"

'எஃப்' என்றால் ஃபோர்த்தே, ஓங்கிய ஒலி. 'பி' என்றால் பியானோ, மெல்லிய ஒலி. வாத்தியத்தின் முழுப் பெயரே பியானோஃபோர்த்தேதான். ஆகவே கேள்வி சின்னதல்ல. ஆனால் பல சமயங்களில் இரண்டுமே அச்சுப்பிழை இல்லை என்பதுதான் பதில்.

ஷோபானை எடுத்துக்கொள்வோம். போலந்தில் 1810-ல் பிறந்து, பாரிஸில் வாழ்ந்து, 1849-ல் மறைந்தவர். ஒரு நாட்டில் வெளியான இசைநூலுக்கு அடுத்த நாட்டில் உரிமைப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. அதனால் தம் படைப்புகளைப் பாரிஸ், லைப்சிக், லண்டன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியிட ஏற்பாடு செய்வார். ஜெராக்ஸ் இல்லாத நாளில் மூன்று பிரதிகளுக்கு எங்கே போவது? சில சமயம் தாமே மறுபடி எழுதுவார். சில சமயம் நண்பர் யூலியன் ஃபொன்டானா நகலெடுப்பார். 1839-ல் வெளியான பிரெலூடுகளுக்கு, பாரிஸ் பதிப்பு அவருடைய கைப்பிரதியிலிருந்தும், லைப்சிக் பதிப்பு ஃபொன்டானாவின் நகலிலிருந்தும் வந்தன. நகலெடுக்கும் கை சில குறிகளை விட்டுவிடும். ஷோபான் தாமே எழுதினாலோ, பழையதை அப்படியே பார்த்து எழுதும் பொறுமை அவருக்கில்லை; எழுதும்போதே மாற்றிவிடுவார். போதாததற்கு, மாணவர்களின் அச்சுப் புத்தகங்களில் பென்சிலால் வேறு திருத்துவார். ஜேன் ஸ்டர்லிங் என்ற மாணவியின் பிரதிகள் இன்றும் இருக்கின்றன.

இன்னொரு தொல்லை, படுக்கவைத்த ஆப்பு போன்ற அந்தக் குறி. குட்டையாக இருந்தால் அந்த ஒரு சுரத்தை அழுத்து என்று பொருள். நீண்டிருந்தால் ஒலியைப் படிப்படியாகத் தேயவிடு என்று பொருள். ஷோபானும் ஷூபர்ட்டும் அழுத்தக் குறியையே நீட்டி எழுதும் வழக்கமுடையவர்கள். தகட்டில் பொறிக்கும் தொழிலாளி தனக்குத் தோன்றியபடி ஒன்றைத் தேர்ந்துகொண்டார். பியானோ இசை இல்லையென்றாலும் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்ஃபொனியின் கடைசிச் சுரத்தில் இந்தக் குறி இருக்கிறது. அதை முழங்கி முடிப்பதா, தேய்த்து முடிப்பதா என்பதில் நடத்துநர்களிடையே இன்றும் ஒற்றுமை இல்லை.

பிறகு வந்த பதிப்பாசிரியர்கள், முக்கியமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தாங்கள் வாசித்த விதத்தையும் குறிகளாகச் சேர்த்தார்கள். எது ஷோபான், எது பதிப்பாசிரியர் என்று அவர்கள் பிரித்துக் காட்டவில்லை. உரிமைக்காலம் தீர்ந்து இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இத்தகையவை ஏராளம்.

நமக்கு இது புதிய சங்கதி அல்ல. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தாரே, அதே வேலைதான். பத்து ஏடுகள் ஒன்றுபோல் சொன்னாலும், பத்தும் ஒரே ஏட்டின் நகல்கள் என்றால் அது ஒரே சாட்சி. ஐந்து புத்தகங்களில் 'எஃப்' இருக்கிறது என்று என்னிடம் எண்ணிக்காட்டுவதில் பயனில்லை. அவை எதைப் பார்த்து அச்சடித்தவை என்பதே கேள்வி. இரண்டுக்கும் நடுவாக வாசித்துச் சமாளிப்பது அதைவிட மோசம். எந்தப் பிரதியிலும் இல்லாத மூன்றாவது பாடத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

ஆனால் இசையமைத்தவரே குறியை மீறினால்? 1848 பிப்ரவரி 16-ல் பாரிஸில் ஷோபான் கடைசியாகக் கச்சேரி செய்தபோது, நோயால் தளர்ந்திருந்தார். 'பார்க்கரோல்' என்ற படைப்பின் பிற்பகுதி முழு வேகமும் வலுவும் கேட்பது. அதை அவர் மிக மெல்ல, ஆனால் அத்தனை நெளிவுசுளிவுகளோடு வாசித்தார் என்றும், இதுவே மேலோ என்று தோன்றியது என்றும் நேரில் கேட்ட சார்லஸ் ஹாலே எழுதிவைத்திருக்கிறார். மீறலிலும் ஒரு பரம்பரை உண்டு. இரண்டாம் சொனாட்டாவின் சவ ஊர்வல இசை நடுப்பகுதிக்குப் பின் திரும்பி வரும்போது, ஆன்டன் ரூபின்ஸ்டைன் குறியைத் தள்ளிவிட்டு முழங்கத் தொடங்கி, பின் தேய்த்துக்கொண்டே போவார். ராக்மானினோவ் 1930-ல் பதிவு செய்த இசைத்தட்டிலும் அப்படியே கேட்கலாம். குறி என்னவென்று தெரிந்து மீறியவர்கள் இவர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் குறி தெரியட்டும்.

நான் பிள்ளைகளிடம் செய்வது இதுதான். புத்தகத்தின் முன்னுரையைப் புரட்டி, பதிப்பாசிரியர் தம் ஆதாரங்களைச் சொல்கிறாரா, தாம் சேர்த்த குறிகளை அடைப்புக்குறிக்குள் தருகிறாரா என்று பார்க்கச் சொல்வேன். யான் எக்கியர் தொகுத்த போலந்து தேசியப் பதிப்பும், ஜெர்மனியின் ஹென்லே பதிப்பும் இதைச் செய்கின்றன. விலை அதிகம்தான், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். அடுத்து, இரண்டு விதமாகவும் வாசித்துக் கேட்கச் சொல்வேன். ஷோபான் விரும்பிய ப்ளெயெல் பியானோ இன்றைய கச்சேரிப் பியானோவைவிட மெல்லிய குரலுடையது. அவருடைய 'எஃப்' நம் வாத்தியத்தில் இடியாக விழ வேண்டியதில்லை. விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறாத கீபோர்டு வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

தேர்வு எழுதுகிற பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பிட்ட பதிப்பு கட்டாயமா என்பதை அந்த வருஷப் பாடத்திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்தில் பழகினார்களோ, அந்தப் புத்தகத்தையே கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.