லயத்துக் குரல் மேலே எட்டட்டும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சேதி நெடுங்காலம் மேலிருந்து கீழே மட்டுமே வந்தது. நிர்வாகியான துரை சொல்வார், எழுத்தரான கிராணி எழுதிக்கொள்வார், மேற்பார்வை பார்க்கும் தண்டல் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், அறிவிப்பார். யாருக்கு எந்த நிரை, எத்தனை கிலோ கொழுந்து என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் வீடு ஒழுகுகிறது என்று துரை காதில் போட வேண்டுமானால் அதே தண்டலைத்தான் பிடிக்க வேண்டும். அவர் மனம் வைத்தால்தான் உண்டு.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அது கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்துவந்த காலம். ஊர்ச் சேதியும் கடிதமும் அப்படி வந்து போனவர்கள் கையிலும் வந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. பின்னாலேயே ஜப்பானியர் ஆட்சி வந்து தபாலும் நின்றது.

உள்ளூரில் முதல் கதவைத் திறந்தது பள்ளிக்கூடம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். எழுத்தறிந்த ஒருவர் 1924இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழை உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டார்கள். பிறகு வானொலி வந்தது. இன்றைய மின்னல் எஃப்எம் அதன் வாரிசு. ஆனாலும் இவையெல்லாம் கேட்கத்தான் உதவின. தொழிலாளி தன் குறையை நிர்வாகத்தின் முன் பேச வழி செய்தது, பி. பி. நாராயணன் தலைமையில் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்.

இன்று மலை மாறிவிட்டது. கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். சிதறிய குடும்பத்தைச் சேர்த்து வைத்திருப்பது கைப்பேசி. கோயில் திருவிழாவும் துக்கச் செய்தியும் புலனக் குழுவில்தான் முதலில் தெரிகின்றன. ஒழுகும் கூரையைப் படம் பிடித்து நாடாளுமன்ற உறுப்பினருக்கே அனுப்பலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) அந்தப் படத்துக்குப் பலம் சேர்க்கும்.

ஆனால் கைப்பேசி இருந்தால் மட்டும் போதாது, அலைவரிசை வேண்டும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. ஒரே கைப்பேசியை அண்ணன், தங்கை, தம்பி பங்கு போட்ட வீடுகள் நாடெங்கும் இருந்தன. சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்புக்காக மரத்தில் ஏறி இரவைக் கழித்த செய்தி அப்போதுதான் வந்தது. மலை மடிப்புகளில் வாழும் பிள்ளைகளின் நிலை அதற்குப் பிறகுதான் பலர் கண்ணில் பட்டது.

சேதி எட்டாமல் போனால் உயிரே போகலாம். 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரம், சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்று மக்கள் குமுறினார்கள். தேயிலை மலையும் அதே மழைக்கும் மண்சரிவுக்கும் கீழேதான் இருக்கிறது.

தண்ணீரும் மின்சாரமும் லயத்துக்கு உரிமை என்றால் இணையமும் உரிமைதான். அலைவரிசை வரைபடம் போடுகிறவர்கள் நகரத்தோடு நிற்காமல் லயங்களையும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளையும் பூர்வகுடிக் கிராமங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆபத்து எச்சரிக்கை மலாயில் மட்டுமன்றித் தமிழிலும் வங்காளத்திலும் நேபாளியிலும் ஒலிக்க வேண்டும். வரும் புகாருக்குக் கெடு வைத்துப் பதில் சொல்ல ஓர் அதிகாரி வேண்டும்.

தோட்டத்தில் பிறந்து நகரத்தில் வாழும் வாசகர்களே, உங்கள் பழைய லயத்திலிருந்து வரும் புகாரைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மனு எழுதத் தெரிந்த கை உங்களுடையது. அதை எழுதி, உரிய அலுவலகத்தில் சேர்த்து, பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.